ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த கேம்

பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் மெக்கானிக்குகளிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன பேசினேன் என்றே நினைவில்லை. முடிக்கும்போது ஒருத்தர் எழுந்து, "அண்ணே, உங்க சர்வீஸ்ல நீங்க பாத்ததுலயே மோசமாத் தேஞ்ச கேம்ஷாஃப்ட் எது?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். உண்மையில் நேரம் இருந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லத்தான் மனசு வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

எனக்கு ஊர் ஆனையூர். ஐ.டி.ஐ. முடித்து, நாலு வருடம் ரோட்டோர ஷெட் ஒன்றில் கை பழகி, அப்புறம் மதுரையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கேயேதான் ஓய்வும் பெற்றேன். வேலை கற்றுக்கொண்ட கதை எல்லா மெக்கானிக்குக்கும் ஒன்றுதான். அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கென்று ஒரு பேர் இருந்தது. "சோலைராஜ் பிரிச்சு மாட்டுன எஞ்சின் ஒழுகாது" என்பார்கள். எங்கள் வண்டிகளில் எஞ்சினின் மேல் மூடி ஓரத்தில் ஆயில் கசிவது அப்போது பெரிய தொந்தரவு. இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்து நிற்கும். நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பெனி கொடுத்த ரப்பர் வளையத்தோடு நிறுத்தாமல், அதன் மேலே சாம்பல் நிறப் பசையைக் கனமாக ஒரு சுற்று இழுத்து மூடியை இறுக்கிவிடுவேன். அப்புறம் ஒரு சொட்டு வெளியே வராது. வண்டியை ஏற்றி நிறுத்தும் பக்கத்து லிஃப்ட்டில் வேலை பார்த்த இரண்டு பேருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். வாடிக்கையாளர்கள் என்னைத்தான் கேட்டு வருவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் ஐம்பதைத் தாண்டியபோது கௌசல்யா மேடம் சர்வீஸ் மேனேஜராக வந்தார். என் மகள் வயசு. மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா ஒரு கோயிலில் பூஜை செய்கிறவர். இஞ்சினியரிங் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்திருந்தார். ஒரு மாதம் தாங்காது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் ஒர்க்‌ஷாப்புக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நின்றபடியேதான் இருப்பார். எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. "இது ஏன் இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்பார். பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும். அந்த நிற்பைத் தாங்க முடியாது.

அவர் கொண்டுவந்த முறைகளில் ஒன்று கேம் பார்ப்பது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கேம் என்று நாங்கள் சொல்லும் கேம்ஷாஃப்ட், எஞ்சினின் தலைக்குள் சுழலும் ஒரு குட்டைத் தண்டு. அதன் மேல் முட்டை மாதிரி இரண்டு மேடுகள் இருக்கும். ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே வர வால்வைத் திறந்துவிடும். மற்றது புகை வெளியே போகத் திறந்துவிடும். மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் முடியிழை அளவுக்கு ஓர் இடைவெளி வைத்திருப்பார்கள். அது கூடினால் தலையில் டிக் டிக் என்று சத்தம் வரும். சர்வீஸுக்கு வரும் வண்டியில் அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் இடைவெளியைச் சரிபண்ணுவோம், சத்தம் நிற்கும், வண்டியை அனுப்பிவிடுவோம். பத்து நிமிட வேலை.

மேடம் அதோடு விடவில்லை. ஒரு பக்க இடைவெளி மட்டும் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் மூடியைக் கழற்றிக் கேமைப் பார்க்க வேண்டும் என்றார். பார்ப்பதற்கும் ஒரு வரிசை வைத்தார். கையைக் கழுவித் துடைக்க வேண்டும். கேமை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, டியூப்லைட்டுக்கு நேராக மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மேட்டிலும் நகத்தை ஓட்ட வேண்டும். நல்ல மேட்டில் நகம் கண்ணாடியில் போவது மாதிரி போகும். கெட்டுப்போனதில் எங்கோ ஓரிடத்தில் தட்டும். அதற்கப்புறம்தான் மைக்ரோமீட்டரில் மேட்டை அளப்பது. கடைசியாக, ஒவ்வொரு வண்டிக்கும் போடும் ஜாப் கார்டில் எழுதுவது.

எழுதுவதில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. "அண்ணே, என்ன பாத்தீங்களோ அத மொதல்ல எழுதுங்க. ஏன் அப்படி ஆச்சுங்கறத அப்புறம் எழுதலாம்" என்பார். எனக்கு 'ஏன்' என்பதுதான் முதலில் தோன்றும். இருபத்தைந்து வருடம் கழித்துமா ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பது என்று நினைப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் மலைச்சாமியின் வண்டி வந்தது.

மலைச்சாமிக்குக் கீழக்குயில்குடி. மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். ஊசி மருந்தைக் கெடாமல் வைக்கும் நைட்ரஜன் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு, ஊரை ஒட்டிய மலையடியிலிருந்து மேற்கே உள்ள ஊர்களையெல்லாம் சுற்றி வருவார். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அன்றைக்கே போயாக வேண்டும். வண்டி நின்றால் அவர் பிழைப்பு நின்றுவிடும். ஆறேழு வருடமாக என்னிடம்தான் சர்வீஸுக்கு விடுவார். வரும்போதெல்லாம் யாராவது ஒரு வீட்டுக்காரர் கொடுத்த சீம்பாலைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுப்பார்.

அன்றைக்கு சனிக்கிழமை. காத்திருக்கும் இடம் நிறைய ஆள். மேடம் சென்னைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தார். மலைச்சாமியோடு அறுபது வயதுள்ள ஒருவரும் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருத்தரைப் பார்க்கப் போகிற வழியில் வண்டி இழுக்காமல் போய்விட்டது என்று சொன்னார்கள். எஞ்சின் தலையில் சத்தம் பலமாக இருந்தது. மூடியைக் கழற்றினேன். ஒரு மேடு பளபளவென்று இருந்தது. புகை பக்கத்து மேடு அரம் வைத்துத் தேய்த்த மாதிரி மேலே தட்டையாகிக் கிடந்தது. அந்த மாதிரித் தேய்மானத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பார்த்ததில்லை என்றால் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. கேமைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருக்கும் இடத்துக்கே போனேன்.

"ஆயில் மாத்தாமயே ஓட்டிருக்கீக தம்பி. வண்டியக் கொன்னு வச்சிருக்கீக."

மலைச்சாமி எழுந்து நின்றார். தேதி தவறாமல் மாற்றுகிறேன், உங்களுக்கே தெரியுமே அண்ணே என்றார். வெளியே எங்கேயாவது கலப்பட ஆயில் ஊற்றியிருப்பீர்கள் என்றேன். இல்லை என்றார். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வீம்பு ஏறிவிட்டது.

"நீங்க என்ன வேணாலும் சொல்லலாம். கேம் பொய் சொல்லாதுல்ல" என்றேன்.

கூட வந்த பெரியவர் எழுந்து கிட்டே வந்தார். கேமை ஒரு பார்வை பார்த்தார், மலைச்சாமியை ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போய்விட்டார். மலைச்சாமி அவர் பின்னால் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். புதுக் கேம் மாட்டச் சொன்னார். மாட்டி, வழக்கம்போல பசையை ஒரு சுற்று இழுத்து மூடிக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமலே சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மேடம் ஜாப் கார்டைப் பார்த்தார். 'ஆயில் மாற்றாததால் கேம் தேய்மானம்' என்று எழுதியிருந்தேன். பழைய கேம் எங்கே என்று கேட்டு வாங்கி, துணியில் வைத்து உருட்டினார். "ஒண்ணு மட்டும் போயிருக்கு. இது ஏன் இப்படி இருக்கு?" என்றார். அந்தப் பக்கம் சூடு அதிகம் என்றேன். "தலைக்குள்ள எப்படிண்ணே இருந்துச்சு? கருப்பா படிஞ்சிருந்துச்சா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தலைக்குள் சுத்தமாக இருந்தது. தேன் நிறத்தில் இருந்தது. ஆயில் மாற்றாத வண்டியென்றால் உள்ளே தார் பூசின மாதிரி இருக்கும், அது எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. மண் ரோடு, பாரம், வெயில் என்று எதையெதையோ சொன்னேன். மேடம் வாதாடவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம்ணே" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு ரோஷமாகிவிட்டது. அதுவரை நான் எந்தக் கார்டிலும் 'தெரியவில்லை' என்று எழுதியதில்லை. ஒரு வாரம் அவரிடம் வேலையைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. அவர் எப்போதும்போல அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். வில்லாபுரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வண்டி சாதாரண சர்வீஸுக்கு வந்தது. இடைவெளியைப் பார்த்தால் புகை பக்கம் மட்டும் கூடியிருந்தது. போன சர்வீஸிலும் அதே பக்கத்தைத்தான் சரிபண்ணிக் கொடுத்திருந்தேன். பழைய பழக்கமென்றால் மறுபடியும் திருகிச் சத்தத்தை நிறுத்தி அனுப்பியிருப்பேன். அன்றைக்கு, மேடம் சொல்வதெல்லாம் வீண் வேலை என்று காட்டவே மூடியைக் கழற்றினேன்.

அதே தேய்மானம். ஆரம்ப நிலையில் இருந்தது. வாத்தியார் ஆயில் மாற்றவில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மாற்றியதே நான்தான்.

எங்கள் வண்டியில் ஆயில் அந்த மூடிக்குள்ளேயே ஒரு சிறு வழியாக ஏறி, இரண்டு மேடுகளுக்கும் நேர் மேலே இருக்கும் இரண்டு ஊசித் துளைகள் வழியாகக் கேம் மேல் விழும். மூடியைத் திருப்பிக் காற்று அடித்துப் பார்த்தேன். ஒரு துளையில் காற்று வந்தது. வழியின் கடைசியில் இருந்த புகை பக்கத்துத் துளையில் வரவில்லை. ஒரு மெல்லிய கம்பியை விட்டு நெம்பினேன். சேமியாத் துண்டு மாதிரி ஒன்று வெளியே வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. சாம்பல் நிறம். நசுக்கினால் ரப்பர் மாதிரி இழுத்தது.

யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியதாக இல்லை. மூடியை இறுக்கும்போது வெளியே பிதுங்கும் பசையை நான் துணியால் துடைத்துவிடுவேன். உள்ளே பிதுங்குவதை யார் துடைப்பது? அது ஆயிலோடு போய்த் துளையில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சொட்டு ஒழுகாத என் வேலை, கேமுக்கும் ஒரு சொட்டு போகாமல் பண்ணியிருக்கிறது.

அந்தத் துண்டை ஒரு காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. வாத்தியார் வண்டிக்குக் கேமை மாற்றிவிட்டு, பசையை நிறுத்திக்கொண்டு, பேசாமல் இருந்துவிடலாம். சாப்பாட்டு நேரம் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்தபோது, முன்னால் ஒரு தடவை கசிவை நிறுத்த நான் பசை போட்டு மூடிய மலைச்சாமி வண்டியிலும் அந்தத் துளை இன்னும் அடைத்துத்தானே இருக்கும் என்று பட்டது. புதுக் கேமைப் போட்டு, அடைத்த மூடியையே திரும்பவும் வைத்து, போதாததற்கு இன்னொரு சுற்றுப் பசையும் இழுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் அந்த வண்டியில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். டிபன் பாக்ஸை மூடினேன். எழுந்து போய், காகிதத்தைப் பிரித்து மேடத்தின் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்தத் துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது நான் சொன்னேனே என்பார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"எத்தனை வண்டிண்ணே?" என்றார்.

பழைய ஜாப் கார்டுகளை எடுத்து, மூடி கழற்றிய வண்டிகளை நானும் அவருமாகத் தேடினோம். எனக்குப் பக்கத்தில் வேலை பார்த்த இரண்டு பேர் கைபட்டதையும் சேர்த்துக்கொண்டோம். இருபதுக்கு மேல் வந்தது. பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனோம். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும், அடுத்தடுத்த சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிடலாம் என்றார். மேடம் அங்கேயும் உட்காரவில்லை. நின்றபடியே, அடுத்த சர்வீஸ் வரைக்கும் அந்தக் கேம்கள் ஆயில் இல்லாமல்தான் ஓடும், இன்றைக்கே கூப்பிட வேண்டும் என்றார். அப்படியானால் பொறுப்பு யாருடையது என்று முதலாளி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடம், "இங்க நடக்கற வேலைக்கு நான்தான் சார் கையெழுத்துப் போடறேன்" என்றார். அவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பசை போட ஆரம்பித்தது அவர் வருவதற்கு முன்னால். அதை அவர் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன்.

முதலாளி ஒத்துக்கொண்டார். போன் பண்ணுவது என் வேலை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் அதே வேலை. ஒருத்தர் கத்தினார். ஒருத்தர் ஏமாற்று போன் என்று நினைத்து வைத்துவிட்டார். ஓர் அம்மா, வண்டி மகனுடையது, அவன் வெளியூரில் இருக்கிறான், நானே தள்ளிக்கொண்டு வரவா என்று கேட்டார். வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கேம் அடிபட்டிருந்தவற்றுக்குப் புதிது போட்டுக் கொடுத்தோம்.

மலைச்சாமி மட்டும் என் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பேனர்களையும் ஒரு புதுக் கேமையும் எடுத்துக்கொண்டு கீழக்குயில்குடிக்குக் கிளம்பினேன். மேடம் முந்தின நாளே பழைய கேமை அந்த வெள்ளைத் துணியில் சுற்றி, "இதையும் கொண்டுபோங்கண்ணே" என்று கொடுத்திருந்தார்.

மலைச்சாமி ஒரு வீட்டுத் தொழுவத்தில் தோள்வரை உறை போட்டுக்கொண்டு மாட்டின் பின்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். வேலையை நிறுத்தவில்லை. நான் வேலியோரம் நின்றேன். முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்ததும், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை என்றேன். காசைத் திருப்பித் தருகிறோம் என்றேன்.

அவர் வண்டியைக் காட்டினார். வேப்பமர நிழலில் பிரித்தேன். துளை அடைத்துத்தான் இருந்தது. புதுக் கேமிலும் ஒரு கோடு விழ ஆரம்பித்திருந்தது. அதில் அவரையே நகத்தை ஓட்டிப் பார்க்க வைத்தேன். சுத்தம் பண்ணி, வேறு கேம் போட்டு, ரப்பர் வளையம் மட்டும் வைத்து மூடினேன். ஸ்டார்ட் பண்ணினால் சத்தமே இல்லை. அப்போதுதான் பேசினார்.

"வண்டி கெடக்கட்டும்ணே. அன்னைக்கி எங்கூட வந்தது யாரு தெரியுமா? எம் மாமனாரு. இந்த வண்டி கல்யாணத்துக்கு அவரு குடுத்த சீரு. அவரு முன்னாடிதான் நீங்க சொன்னீக."

கையால் வண்டியின் சீட்டை ஒரு தடவை துடைத்தார்.

"அன்னைல இருந்து அவரு எங்கிட்ட பேசல. வீட்டுக்கு வந்தாலும் மககிட்டத்தான் பேசுறாரு. குடுத்த வண்டியவே பாக்கத் தெரியாதவன், எம் பொண்ண என்னத்தப் பாப்பான்னு நெனச்சிருப்பாருல்ல."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கேமைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னது ஒரு நிமிடப் பேச்சு. இவர் வீட்டில் ஒரு மாதமாக அது இருந்திருக்கிறது.

"இப்பவே போவோம் தம்பி. நான் அவருகிட்டச் சொல்றேன்" என்றேன்.

அவர் மாமனார் பேர் சின்னக்காளை. செக்கானூரணி தாண்டி ஒரு கிராமம். மலைச்சாமி சாவியை என்னிடம் கொடுத்து, நீங்களே ஓட்டுங்க என்று பின்னால் ஏறிக்கொண்டார். வழி முழுக்க என் காது எஞ்சின் தலையிலேயே இருந்தது.

சின்னக்காளை ஐயா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். மருமகனைப் பார்க்கவில்லை. நான் கட்டிலில் உட்காராமல் நின்றேன். மேடத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அது வந்துவிட்டதோ என்னவோ. துணியைப் பிரித்துக் கேமை அவர் கையில் கொடுத்தேன். பளபளவென்று இருந்த மேட்டைக் காட்டினேன், தேய்ந்ததைக் காட்டினேன். ஆயில் மாற்றாமல் விட்டிருந்தால் இரண்டும் தேய்ந்திருக்கும் ஐயா, உங்கள் மருமகன் ஒழுங்காக மாற்றியிருக்கிறார், வழியை அடைத்தது நான்தான் என்றேன். அன்று காலை அந்த வண்டியின் துளையிலிருந்து எடுத்த பசைத் துண்டையும் காட்டினேன்.

அவர் கட்டை விரல் நகத்தால் இரண்டு மேட்டையும் மாறி மாறித் தடவினார்.

"வாய்க்கா அடைச்சா கடைமடை காயத்தான செய்யும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கேமைத் துணியில் வைத்து மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். திரும்பிப் போய்விடலாமா என்று மலைச்சாமி கண்ணால் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஐயா ஒரு செம்புத் தண்ணீரோடு வெளியே வந்தார். நேராக மலைச்சாமி முன்னால் போய் நின்றார்.

"கையக் கழுவுங்க மாப்ள. சாப்புடுவோம்."

மலைச்சாமி கையை நீட்டினார். பெரியவரே தண்ணீர் ஊற்றினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கும் இலை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, கோழிக் குழம்பு. மலைச்சாமியின் மாமியார்தான் பரிமாறினார். பேச்சு மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் போனது. மாமனார் கேட்க மருமகன் பதில் சொன்னார், மருமகன் கேட்க மாமனார் சொன்னார். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சாப்பாட்டில் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, அந்தப் பசைய இப்பவும் போடுறீகளா?"

"இல்லைங்கய்யா. விட்டுட்டேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே மனைவியைப் பார்த்தார்.

"அப்ப தம்பிக்கு இன்னுங் கொஞ்சம் கொழம்ப ஊத்து" என்றார்.